புளியங்கூடல் மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டுமா?
நெல், மரக்கறி, பூச்சாடிச் செய்கையாளருக்கு ஒரு விளக்கம்



மண்ணின் குணமறிந்து பசளையிடுதல் பயிர்ச்செய்கையின் முதற் படியாகும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தால் நோயும் தீராது, கைப்பொருளும் வீணாகும். மண்ணுக்குச் சுண்ணாம்பிடுதலும் அத்தகையதே. வேண்டிய மண்ணுக்கு அது மருந்து. வேண்டாத மண்ணுக்கு அதுவே நோய்க்குக் காரணமாகின்றது.

2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, பின்னர் பொருள்களின் விலையும் ஏறியபோது, பலர் வீட்டுத் தோட்டத்திலும் பூச்சாடியிலும் பயிரிடத் தலைப்பட்டனர். நூல்களிற் படித்தும், பிற நாட்டிலுள்ள உறவினர் சொல்லக் கேட்டும், “இலை மஞ்சளானால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பிடு” என்னும் அறிவுரையைக் கைக்கொள்வோர் உளர். அவ்வறிவுரை பிறந்த மண் வேறு. வேலணைத் தீவின் மண் வேறு. புளியங்கூடல் என்னும் ஊர்ப்பெயரிலே புளி உண்டு. ஊர் மண்ணிலே புளிப்பு இல்லை. இத்துண்டுப் பிரசுரம் இதனையே விளக்க முற்படுகின்றது.

1. அமிலமும் காரமும்

தேசிக்காய்ச் சாறு, புளி, வினாகிரி ஆகியன அமிலத் தன்மையுடையன. சுண்ணாம்பு, சாம்பல், சவர்க்காரம் ஆகியன காரத் தன்மையுடையன. மஞ்சள் கரைத்த நீரிலே சிறிது சுண்ணாம்பிட்டால் அது செந்நிறமாகி ஆலாத்தி நீராவதை நீங்கள் அறிவீர்கள். அந்நிற மாற்றம் காரத்தின் செயலேயாகும்.

இத்தன்மையை அளத்தற்கு பீ.எச். பெறுமானம் என்னும் அளவு பயன்படுகின்றது. டென்மார்க்கு நாட்டு இரசாயனவியலாளர் சோரன்சன் என்பவர் 1909 ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் அலகு கூடுதலோ குறைதலோ பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். ஆகவே 6 இலிருந்து 8 க்குச் செல்லுதல் சிறிய மாற்றமன்று; நூறு மடங்கு மாற்றமாகும்.

பெரும்பாலான மரக்கறிப் பயிர்கள் 6 முதல் 7 வரையுள்ள மண்ணிலே நன்கு வளர்கின்றன. தேயிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணையே விரும்புகின்றது.

2. சுண்ணாம்பு எங்கே வேண்டும்?

மிகுந்த மழை பெய்யும் இடங்களிலே மண்ணிலுள்ள கல்சியமும் மகனீசியமும் நீரிற் கரைந்து ஆழத்துக்குச் சென்றுவிடுகின்றன. எஞ்சியிருப்பது அமில மண். இலங்கையின் மலைநாட்டிலும், தென்மேற்குத் தாழ்நாட்டின் சதுப்பு வயல்களிலும் இந்நிலையைக் காணலாம். அங்கே டொலமைற்றுத் தூள் இடுதல் நற்பயன் தருகின்றது. கேரளத்திலே கடல்மட்டத்துக்குக் கீழேயுள்ள குட்டநாட்டு நெல்வயல்கள் மிகுந்த அமிலமுடையன. அங்குள்ள உழவர்க்குச் சுண்ணாம்பு இன்றியமையாதது.

தொடர்ந்து அமோனியஞ் சல்பேற்று இடுவதாலும் மண் அமிலமாகலாம். இங்கிலாந்திலே உரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 ஆம் ஆண்டு தொடங்கிய புற்றரைப் பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது. அங்கு அமோனியஞ் சல்பேற்று ஆண்டுதோறும் இடப்பட்ட பாத்திகள் கடும் அமிலமாகி, பலவகைப் புற்கள் அற்றுப்போயின. அப்பாத்திகளுக்குச் சுண்ணாம்பு மருந்தாயிற்று. குளிர்நாடுகளிலே பூச்சாடிகளுக்குப் பயன்படும் பீற்று என்னும் சதுப்பு மக்கும் பீ.எச். 4 அளவிலுள்ள அமிலப் பொருளாகும். ஆதலாற்றான் அந்நாட்டு நூல்கள் சாடி மண்ணுக்குச் சுண்ணாம்பு கலக்கும்படி கூறுகின்றன. அவர்கள் கூறுவது அவர்களுக்குச் சரியே.

3. எமது மண்ணின் நிலை

யாழ்ப்பாணக் குடாநாடும் அதனையடுத்த தீவுகளும் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தவை. இப்பாறை பண்டைக் காலத்துக் கடலுயிர்களின் ஓடுகளாலும் எச்சங்களாலும் ஆனது. காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாய் இருந்ததும் இக்கல்லேயாகும். சீமெந்து செய்யுமளவுக்குச் சுண்ணாம்பு எமது காலடியிலே கிடக்கின்றது.

எமது மழையோ பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெறப்படுவது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் மண்ணீரை மேலே இழுக்கின்றன. எனவே சுண்ணாம்பு முற்றாகக் கழுவப்படுவதில்லை. கிணற்று நீரும் அக்கல்லினூடாக ஊறி வருவதால் சுண்ணாம்பைச் சுமந்தே வருகின்றது. கேத்திலின் அடியிலே படியும் வெண்படை அதற்குச் சான்று. நீங்கள் இறைக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் தோட்டத்துக்குச் சிறிது சுண்ணாம்பு இட்டவராகின்றீர்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பரப்புக் காணியின் மேல்மண், அரையடி ஆழத்துக்கு, ஏறக்குறைய 50 தொன் நிறையுள்ளது. அம்மண்ணிலே நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் சுண்ணாம்பு இருக்குமாயின், அது 500 கிலோகிராம் ஆகும். அத்தகைய காணிக்கு மேலும் ஒரு மூடை சுண்ணாம்பு வாங்கிப் போடுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்றதை ஒக்கும்.

“அப்படியாயின் கந்தகமிட்டு அச்சுண்ணாம்பை அழித்துவிடலாமே” எனச் சிலர் கேட்கலாம். அந்த 500 கிலோகிராமையும் அழிக்க ஏறத்தாழ 160 கிலோகிராம் கந்தகம் வேண்டும். அழித்தபின்னும் கிணற்று நீர் புதிய சுண்ணாம்பைக் கொண்டுவரும். ஆகவே பெருநிலத்தில் மண்ணை மாற்ற முயலாது, மண்ணுக்கேற்ற முறையைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

செம்மண் பகுதிகளிலே மேற்படையிற் சுண்ணாம்பு குறைந்திருத்தலும் கூடும். ஒரே ஊரிலும் காணிக்குக் காணி வேறுபாடு உண்டு. ஆதலால் கேட்டதை நம்பாமல் சோதித்து அறிதல் வேண்டும்.

4. மிகைச் சுண்ணாம்பு செய்யும் தீமை

மண்ணிலே இரும்பும் நாகமும் இருந்தும், சுண்ணாம்பு மிகுந்தவிடத்து அவை கரையாத நிலையை அடைகின்றன. பூட்டிய பெட்டியிலே நெல் இருந்தும் பசித்திருப்பவன்போலப் பயிர் வாடுகின்றது. பொசுபரசும் கல்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடுகின்றது. யூரியா, அமோனியஞ் சல்பேற்று ஆகியவற்றை இத்தகைய மண்ணின்மேல் வெறுமனே தூவினால், நைதரசனின் ஒரு பகுதி அமோனியா வாயுவாகி காற்றோடு போகின்றது. அதன் காரமான மணத்தை நீங்கள் முகர்ந்திருக்கலாம். அம்மணம் உங்கள் பணம் காற்றிற் கலக்கும் மணமாகும்.

இலை மஞ்சளாவதற்குக் காரணம் பலவுண்டு. அவற்றைப் பிரித்தறியுங்கள்.

அ. அடியிலைகள் முதலில் முழுதும் மஞ்சளானால் அது பெரும்பாலும் நைதரசன் குறைவு.

ஆ. நுனியிலுள்ள இளவிலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைவு. தேசி, செவ்வரத்தை, ரோசா, வெட்சி ஆகியவற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இ. இலையின் ஓரமும் நுனியும் கருகினால் உவர் நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது குறியைக் கண்டு ஒருவர் சுண்ணாம்பிடுகின்றார் எனக் கொள்வோம். இரும்பு மேலும் பூட்டப்படும், இலை வெளிறும், அவர் மருந்து போதவில்லையென்று மேலும் ஒரு பிடி இடுவார். செடி பட்டுப்போகும். இட்ட சுண்ணாம்பை எடுக்க வழியில்லை.

5. மண்ணை அறியும் வழி

வினாகிரிச் சோதனை: ஒரு கரண்டி மண்ணைக் கிண்ணத்திலிட்டு, முதலில் சிறிது மழைநீர் விட்டு நனையுங்கள். உலர்ந்த மண்ணிலிருந்து வெளிவரும் காற்றுக் குமிழியைக் கண்டு ஏமாறாதிருத்தற்கே இது. பின்பு வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணிலே சுண்ணாம்பு உண்டு. அந்நிலத்துக்குச் சுண்ணாம்பு ஒருபோதும் இடற்க. நுரைக்காவிடின் சுண்ணாம்பு குறைவென்பதே பொருள். மண் அமிலமென்று அதனால் முடிவு செய்தலாகாது.

செவ்வரத்தம்பூச் சோதனை: சிவந்த பூவிதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்த நீரை, மண் கலக்கித் தெளிந்த மழைநீரோடு சேருங்கள். சிவந்தால் அமிலம், பச்சை கலந்தால் காரம். இது பருமட்டான முடிவையே தரும். கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தினால் அந்நீரின் காரமே தோன்றும்.

ஆய்வுகூடச் சோதனை: இதுவே நம்பத்தக்கது. காணியில் பத்து இடங்களிலே அரையடி ஆழத்துக்கு மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோகிராம் அளவை சுத்தமான பையிலிட்டுக் காணியின் பெயரும் செய்கையும் எழுதி உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், கிணற்றடி ஆகியவற்றில் மண்ணெடுக்க வேண்டாம். பீ.எச். பெறுமானத்தோடு உவர்ச் செறிவையும் அளக்கும்படி கேளுங்கள்.

6. வெள்ளைப் படை: உவரா, சுண்ணாம்பா?

கோடையிலே வயலின்மேல் வெண்படை பூத்திருப்பதைக் காண்கிறோம். அது உப்பாகவும் இருக்கலாம், சுண்ணாம்பாகவும் இருக்கலாம். உப்பு நீரிற் கரையும், வினாகிரிக்கு நுரைக்காது. சுண்ணாம்பு நீரிற் கரையாது; வினாகிரிக்கு நுரைக்கும். உவருக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலுமே, சுண்ணாம்பன்று.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. மழைபெய்தபின் நீர் நெடுநேரம் கலங்கலாகவே நிற்பதும், உலர்ந்தபின் மண் கல்லாய் இறுகுவதும், பீ.எச். பெறுமானம் 8.5 க்கு மேற்படுவதும் சோடியம் மிகுந்ததன் அறிகுறிகள். இதற்கு ஜிப்சம் உதவும். ஜிப்சமும் கல்சியம் உடையதேயெனினும் மண்ணின் காரத்தை உயர்த்துவதில்லை. அதன் கல்சியம் சோடியத்தைப் பெயர்க்க, மழைநீர் அதனைக் கழுவிச் செல்கின்றது. எனினும் மண் பரிசோதனை கூறாமல் ஜிப்சம் வாங்க வேண்டாம். வடிகால் இல்லாத வயலில் அதனாற் பயனுமில்லை.

7. நெல்வயலில்

எமது தீவிலே நெல் பெரும்பாலும் மழையை நம்பிய காலபோகச் செய்கையாகும். உவர் வயல்களிலே வரம்பை உயர்த்திக் கட்டி, முதல் மழையைத் தேக்கி, உப்புக் கரைந்தபின் நீரை வடித்துவிடுங்கள். மழை இடங்கொடுப்பின் மறுமுறையும் அவ்வாறு செய்யுங்கள். உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல்லினத்தைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. வைக்கோலை எரிக்காது வயலிலேயே உழுது புதையுங்கள். அது உக்கும்போது உண்டாகும் கரியமில வாயு நீரிற் கரைந்து, மண்ணிலுள்ள சுண்ணாம்பையே சிறிது சிறிதாகக் கரைத்துப் பயிருக்கு உதவச் செய்கின்றது.

பயிர் முளைத்து மூன்று நான்கு வாரங்களில் திட்டுத் திட்டாகக் குறுகி, இலையிலே துருநிறப் புள்ளிகள் தோன்றி, இளவிலையின் நடுநரம்பு அடியில் வெளிறினால் நாகக் குறைவெனக் கருதலாம். நாகச் சல்பேற்று ஏக்கருக்கு 2 கிலோகிராம், அதாவது பரப்புக்கு 125 கிராம், மணலுடன் கலந்து அடிப்பசளையிடும் காலத்தில் இடுதல் தகும். பொசுபரசுப் பசளையோடு ஒன்றாகக் கலக்காதீர்.

8. மரக்கறித் தோட்டத்தில்

முதலாவது, சேதனப் பொருள். பூவரசு, வேம்பு, கிளிரிசிடியா முதலியவற்றின் குழை புதைத்தலும், ஆடு மாடு பட்டியடைத்தலும் எமது முன்னோர் கண்ட சிறந்த முறைகள். குழை உக்கும்போது உண்டாகும் மென்மையான அமிலங்கள் வேரைச் சூழ்ந்துள்ள இரும்பையும் நாகத்தையும் விடுவிக்கின்றன. ஆராய்ச்சி வருமுன்னரே அனுபவம் கண்ட உண்மை இது.

இரண்டாவது, பசளையிடும் முறை. யூரியாவைத் தூவியவுடன் மண்ணால் மூடி நீர் பாய்ச்சுங்கள். ஒரேமுறையிற் பெருமளவு இடாது பகிர்ந்து இடுங்கள். பொசுபரசுப் பசளையை உக்கிய எருவோடு கலந்து வேரருகே இடுங்கள். அடுப்புச் சாம்பலும் காரப் பொருளே. பூச்சிக்கென இலைமேல் சிறிது தூவுதல் வேறு. கூடைகூடையாய்ப் பாத்தியிற் கொட்டுதல் வேறு. சாம்பலையோ சுண்ணாம்பையோ அமோனியஞ் சல்பேற்றோடு ஒருபோதும் கலக்கற்க.

மூன்றாவது, இரும்புக் குறைவு. அன்னபேதி எனப்படும் இரும்புச் சல்பேற்றை மண்ணிலிட்டால் அது விரைவில் துருவாகி வீணாகும். ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் கரைத்து, அன்றே, மாலை வேளையில் இளவிலைகள் நனையத் தெளியுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை போதும். முதலிற் சில செடிகளுக்குத் தெளித்து, புதிய இலை பச்சையாவதைக் கண்டபின் ஏனையவற்றுக்குத் தெளியுங்கள்.

நான்காவது, தக்காளியின் அடி கறுத்தல். இது காயிலே கல்சியம் குறைவதால் வருவது உண்மை. ஆயினும் எமது மண்ணிலே கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் இறைப்பதாலும், நீர் உவர்ப்பதாலும் கல்சியம் காயைச் சென்றடைவதில்லை. ஒழுங்காக அளவோடு இறைத்து, வைக்கோலாலோ சருகாலோ பாத்தியை மூடுங்கள். அதுவே பரிகாரம்.

ஐந்தாவது, கிணறு. தீவிலே நன்னீரானது உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் உள்ளன. இயந்திரத்தால் ஓயாது இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். அவ்வாறு உவர்த்த கிணற்றை எந்த மருந்தும் உடனே திருத்தாது. சிறிது சிறிதாக, கிணறு ஊற இடைவிட்டு இறைத்தல் வேண்டும்.

9. பூச்சாடிகளில்

பெருநிலத்திலே மண்ணை மாற்றல் அரிது. சாடியிலே அது எளிது. ஆகவே சுண்ணாம்பை வெறுக்கும் செடிகளைச் சாடியில் வளர்த்தல் நலம்.

நுரைக்காத மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு சேர்த்துக் கலவை செய்யுங்கள். கடற்கரை மணலைச் சேர்க்க வேண்டாம். அதிலே உப்பும், சிப்பி சங்குத் தூளாகிய சுண்ணாம்பும் உண்டு. மண்சாடி சிறந்தது. புதிய சீமெந்துச் சாடியிலிருந்து சுண்ணாம்பு கசியும். பல நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவியபின்பே அதனைப் பயன்படுத்துங்கள்.

சாடிச் செடிக்கு மழைநீரே அமுதம். பத்தடிக்குப் பத்தடியுள்ள கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 230 லீற்றர் நீர் கிடைக்கும். மாரியில் இதனை மூடிய பீப்பாயிற் சேர்த்து, நுளம்பு புகாவண்ணம் வலையிட்டு வையுங்கள். கிணற்று நீரே விடவேண்டியிருப்பின், இடையிடையே சாடியின் அடித்துளையால் நீர் வழிந்தோடும்வரை விட்டு உப்பைக் கழுவுங்கள். விளிம்பிற் படியும் வெண்படையைச் சுரண்டி எறியுங்கள். ஆண்டுக்கொருமுறை மண்ணை மாற்றுங்கள்.

தும்புத்தூளை மட்டும் கொண்ட கலவையிலே பல காலம் அமோனியஞ் சல்பேற்று இட்டு, மழைநீர் மட்டுமே விட்டிருந்தால் அமிலம் கூடியிருத்தல் இயலும். பரிசோதனை அதனை உறுதிசெய்தால் மாத்திரம் சிறிதளவு டொலமைற்று இடலாம்.

10. சுண்ணாம்புக்கு உரிய இடம்

இவ்வூரிலே சுண்ணாம்புக்கு வேலையே இல்லையெனக் கருதவேண்டாம். பிரான்சு நாட்டு முந்திரிகைத் தோட்டங்களில் 1885 அளவில் வழக்குக்கு வந்த போர்டோக் கலவை இன்றும் பங்கசு நோய்களுக்குப் பயன்படுகின்றது. அது துருசும் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்ந்தது. நாகச் சல்பேற்றை மரக்கறி இலைகளுக்குத் தெளிக்கும்போது, லீற்றருக்கு 5 கிராமுடன் 2.5 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்து வடித்தால் இலை கருகாது. இவற்றிலே சுண்ணாம்பு மருந்தின் கடுமையைத் தணிக்கும் துணைப்பொருள், மண்ணுக்கிடும் பசளையன்று. கையாளும்போது கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சோதிக்காமல் சுண்ணாம்பிடற்க.
2. வினாகிரிக்கு நுரைக்கும் மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்.
3. இளவிலை மஞ்சளும் பச்சை நரம்பும் இரும்புக் குறைவின் குறி. அதற்கு மருந்து இலைமேற் தெளித்தல்.
4. உவருக்கு நீரும் வடிகாலும். சோடியத்துக்குப் பரிசோதனையின்பின் ஜிப்சம்.
5. எல்லா மண்ணுக்கும் குழையும் எருவும்.
6. சாடிக்கு மழைநீர்.

சுண்ணாம்பு வாங்க எடுத்துவைத்த பணத்தைக் குழைக்கும் எருவுக்கும் செலவிடுங்கள். ஐயம் நேர்ந்தால், வாடிய செடியின் ஓர் இலையையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். அடுத்த மழைக்கு முன்னர் வருதல் நன்று. மண்ணைச் சோதித்து, செய்கைக்கு வேண்டுவதை அறிய அப்போது காலமிருக்கும்.